மூன்று மன்னர்களும் ஒரு ஜீப் டிரைவரும்

எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு வருடங்களில் எனக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது கோபம் ஒன்றுதான். இரண்டாயிரத்து மூன்று, நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தமபாளையத்தில் ஒரு உரக்கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு எடுத்தேன். தபால் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறவர்களுக்கான வகுப்பு அது. கீழே யூரியா மூட்டை, மேலே சோழப் பேரரசு. பூச்சிமருந்து வாடை படியேறி வந்து எல்லோருடைய கண்ணையும் கரிக்கும். என் பாடத்தைக் கேட்டுத்தான் இத்தனை பேர் கண் கலங்குகிறார்கள் என்று முதல் வாரம் நான் பெருமைப்பட்டுக்கொண்டது நிஜம்.

மொத்தம் பதினோரு பேர் வருவார்கள். முதல் பெஞ்சில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கூடலூர் அக்கா. வயது முப்பத்தாறு. அங்கேயே ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். இன்னொருவர் அதே பள்ளியில் யு.கே.ஜி. எடுக்கும் ராவுத்தர் வீட்டு அக்கா. கம்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர். அவருடைய வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். வருகிற ஜூன் மாதத்துக்குள் பட்டம் வாங்காதவர்கள் பள்ளியை விட்டு நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று தாளாளர் சொல்லிவிட்டாராம். ராவுத்தர் வீட்டு அக்காவுக்கு மொகலாயர் பேப்பர் ஒன்று பாக்கி. கூடலூர் அக்காவுக்குத் தமிழக வரலாறு பாக்கி. மற்ற எல்லாப் பேப்பரிலும் அறுபதுக்குக் குறையாமல் வாங்கியவர், இதில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார். டிசம்பர் தேர்வுதான் கடைசி வாய்ப்பு.

முதல் மாதிரித் தேர்வில் சோழர்களின் கடல் கடந்த வெற்றிகளை விவரிக்கச் சொல்லியிருந்தேன். கூடலூர் அக்கா நாலு பக்கம் எழுதியிருந்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. இதுதான் எழுதியிருந்தார்: "தஞ்சாவூரில் பெரிய கோயில் கட்டினவர்களுடைய மகன் மிகவும் தைரியசாலி. அவர்கள் கங்கை வரை போனார்கள். தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு கப்பலில் கடாரம் போனார்கள். போன காரியம் முடிந்து நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள்." அடுத்த பக்கத்தில் அதே அவர்கள் போர்க்களத்திலேயே முடிசூட்டிக்கொண்டார்கள். அதற்கடுத்த பக்கத்தில் அதே அவர்கள் பாண்டியர்களிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள். நாலு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட அந்த ராஜாவுக்குப் பெயர் இல்லை.

இங்கே வரலாறு படிக்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சோழர்களில் அந்தப் பெயரோடு மூன்று பேர் ஆண்டார்கள். முதல் ஆள் கடல் தாண்டிப் போனவர். இரண்டாவது ஆள், அண்ணன் யானை மேலேயே செத்துப்போக, அந்தச் சண்டைக்களத்திலேயே கிரீடம் வைத்துக்கொண்டவர். மூன்றாவது ஆள் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் தொலைத்தவர். முதல் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் நடுவே இருநூறு வருடத்துக்கு மேல் போகிறது. கூடலூர் அக்காவின் பேப்பர்படி இவர்கள் மூவரும் ஒரே ஆள். ஒரே மனிதர் வாலிபத்தில் கப்பலேறி, நடுவயதில் முடிசூடி, இருநூற்றைம்பதாவது வயதில் நாட்டைத் தொலைக்கிறார்.

நான் கூப்பிட்டுக் கேட்டேன். ராஜா பெயர் மறந்துபோச்சா, தெரியாதா என்றேன். அக்கா தரையைப் பார்த்தார். தெரியும் என்று தலையாட்டினார். தெரிந்தால் எழுத வேண்டியதுதானே என்று குரலை உயர்த்தினேன். பக்கத்திலிருந்த ராவுத்தர் வீட்டு அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார்.

"அது இவுக வீட்டுக்காரர் பேரு டீச்சர்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவே இல்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அது முடிவதற்குள் கோபமும் வந்தது. கட்டினவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது ஊரில் பழைய வழக்கம்தான். என் சித்திமார்கூட "இந்தா", "ஏங்க" என்று காலத்தை ஓட்டியவர்கள்தான். ஆனால் அதைப் பரீட்சைப் பேப்பர் வரைக்கும் கொண்டுபோகிறவரை அன்றுதான் பார்த்தேன். எழுதுவதற்கு என்ன தடை, வாயாலா சொல்கிறீர்கள் என்றேன். எழுதும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டுதானே எழுத வேண்டியிருக்கிறது என்றார். அது மட்டும் இல்லை.

"எழுதுறது தப்பாப் போச்சுன்னு வைங்க. நீங்க செவப்பு மையில குறுக்க அடிப்பீக. அவுக பேரு மேல கோடு விழுகுறத நான் எப்படிப் பாக்குறது?"

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அக்கா இதை எந்த நாளும் படிக்கப் போவதில்லை என்றாலும் பயமாக இருக்கிறது. வரலாற்றுப் புத்தகம் கையில் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் வீட்டுக்காரரோடு முடியவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. மாமனாருக்குப் பாண்டிய மன்னன் பெயர். அந்தப் பெயரில் பாண்டியர்கள் எத்தனை பேர் ஆண்டார்கள் என்று எம்.ஏ. படித்த எனக்கே இன்றுவரை குழப்பம். மாமனார் பெயரையும் மருமகள் சொல்லக் கூடாது. தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்திருந்ததால் பெற்ற பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் "பெரியவனே" என்றுதான் கூப்பிடுகிறார். வீட்டுக்காரரின் அண்ணனுக்குப் பல்லவ மன்னன் பெயர். பல்லவரில் அந்தப் பெயரோடு இரண்டு பேர். வீட்டுக்காரருக்கு மூத்தவர் பெயரையும் சொல்லக் கூடாது. ஆக, கல்யாணம் முடிந்த கையோடு மூன்று பேரரசுகளும் அக்காவின் கையை விட்டுப் போயிருந்தன. மிச்சமிருந்தவர்கள் களப்பிரர்கள். அவர்களைப் பற்றி எழுத யாருக்கும் ஒன்றும் கிடையாது.

ராவுத்தர் வீட்டு அக்கா மட்டும் என்ன குறைச்சலா? அவருடைய வீட்டுக்காரருக்கு மொகலாயப் பேரரசர் பெயர். அந்தப் பெயரிலும் இரண்டு பேர். ஒருவர் பெரிய பேரரசர். இன்னொருவர் கடைசிக் காலத்தில் வெள்ளைக்காரன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு டெல்லிக் கோட்டைக்குள் இருந்தவர். தனக்கு வாய்த்தது ரெண்டாவது ஆள்தான் என்று அந்த அக்கா எப்போதும் சொல்வார்.

ஆனால் இவர்கள் இருவரும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். கடாரம் வென்றவர் யார் என்று நான் கேட்டால் கூடலூர் அக்கா பக்கத்தில் இடிப்பார், ராவுத்தர் வீட்டு அக்கா சத்தமாகச் சொல்வார். பதேபூர் சிக்ரியைக் கட்டியவர் யார் என்றால் அவர் இடிப்பார், இவர் சொல்வார். இவருடைய புருஷன் பெயரை அவரும் அவருடைய புருஷன் பெயரை இவருமாக மாடி அதிரச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கீழே உரம் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தால் முழுசாக ஒரு பட்டதாரி கிடைப்பார். பரீட்சை ஹாலில் யார் அப்படி உட்கார வைப்பார்கள்?

பரீட்சையில் என்ன செய்வீர்கள் என்று ராவுத்தர் வீட்டு அக்காவைக் கேட்டேன். அவர் அசரவே இல்லை. எழுதிவிடுவேன், அவுக துபாயில இருக்காக, இங்கன எழுதுறது அங்கன கேக்கவா போகுது என்றார். கூடலூர் அக்காவின் வீட்டுக்காரரோ குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஆட்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு மலை ஏறி, சாயங்காலம் இறக்கிவிடுகிறவர். அந்த ஜீப்புக்கே ஊரில் அவர் பெயர்தான். எல்லோரும் அவர் பெயரைச் சொல்லி, அந்த வண்டி வந்துவிட்டதா போய்விட்டதா என்று கேட்பார்கள். அக்கா மட்டும் "நம்ம வண்டி" என்பார்.

எனக்கு அக்காவைப் பாஸ் பண்ண வைத்தே தீருவது என்று வீம்பு பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு சுலபமான வழி சொன்னேன். பெயரே வேண்டாம், முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று எண்ணை மட்டும் எழுதுங்கள், திருத்துகிறவர் புரிந்துகொள்வார் என்றேன். எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. அக்காவின் முகம் கறுத்துவிட்டது. அந்தப் பெயருக்கு முதலாமவர் இரண்டாமவர் என்று நம்பர் போட்டால் தனக்கு என்ன அர்த்தம் ஆகிறது என்று நினைத்துப் பார்க்கச் சொன்னார்.

"எனக்கு ஒருத்தர்தான் டீச்சர். மூணு பேருன்னு என் கையால எழுதச் சொல்றீகளே."

சோழர்களில்தான் மூன்று பேர், உங்களுக்கு இல்லை என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். வகுப்பில் இருந்த மற்ற பெண்களும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நம்பர் போடுவது மரியாதை இல்லை என்று எட்டுப் பேர் சொன்னார்கள். நான் டஸ்டரைத் தூக்கி மேஜையில் எறிந்தேன். அது எகிறி ஜன்னல் வழியாகக் கீழே போய் உரக்கடைக்காரரின் டீயில் விழுந்தது. அதற்கு நான்தான் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்தபடியாக வீட்டுக்காரரையே வகுப்புக்கு வரச் சொன்னேன். அவர் வாயால் அனுமதி கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தார். நெடுநெடுவென்று உயரம், தோளில் சிவப்புத் துண்டு. பதினோரு பேரும் திரும்பிப் பார்த்ததும் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு நின்றார். மூன்று மன்னர்களுக்கும் இவர் பெயர் என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. மூவரில் யாரு நல்ல ஆளு என்று கேட்டார். முதல் ஆள் என்றேன். அவர் கப்பல் வைத்திருந்தார் என்றதும் தலையாட்டிக்கொண்டார். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பாமல் கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார்.

"எழுதிட்டுப் போ தாயி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவர் இறங்கிப் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். அவுக பெருந்தன்மையாச் சொல்லிட்டாக, அதுக்காக நான் எழுதிர முடியுமா என்றார். அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. முப்பத்தாறு வயதில் அந்தப் பெண் வேலையை இழந்து வீட்டில் உட்காரப் போகிறார், அதற்குக் காரணம் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு அப்பா தன் பிள்ளைக்கு வைத்த பெயர் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. அந்த அரச குடும்பத்தையும் விடாமல் திட்டினேன். புதுப் பெயருக்கா பஞ்சம், மூன்று பேருக்கும் ஒரே பெயரா?

கடைசியில் வழி கிடைத்தது அக்காவின் ஹால் டிக்கெட்டில். அதில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இருந்தது. வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து. இனிஷியல். கல்யாணத்திலிருந்து அந்த எழுத்தை எழுதித்தான் அக்கா தன் பெயரையே தொடங்குகிறார். ரேஷன் கார்டு, வருகைப் பதிவேடு, எல்லா இடத்திலும். அந்த ஒரு எழுத்தைப் போட்டுப் புள்ளி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றேன். இனிஷியல் என்றால் தப்பில்லை என்றார் அக்கா. நவம்பர் முழுக்க அப்படியே பயிற்சி செய்தோம். புள்ளி வைத்த சோழன் கடாரம் போனான், புள்ளி வைத்த சோழன் முடிசூடினான். பல்லவருக்கும் பாண்டியருக்கும் அதே ஏற்பாடு.

பரீட்சை தேனியில் ஒரு கல்லூரியில். அக்கா வீட்டு ஜீப்பில்தான் போனோம். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஹாலில் போய் உட்கார்ந்ததும் வழக்கம் தலைதூக்கி, எல்லாவற்றையும் வெற்றிடமாக விட்டுவிடுவாரோ என்ற பயத்தில் போனேன். மூன்று மணி நேரம் கல்லூரி வாசலில் நானும் அந்த டிரைவர் அண்ணனும் எதிரெதிர் மரத்தடியில் நின்றோம். அவர் ஆறு டீ குடித்தார்.

அக்கா வெளியே வந்தபோது முகம் ஒருமாதிரி மினுங்கியது. ஜீப் பக்கம் போகாமல் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"எழுதினீங்களாக்கா? புள்ளி வச்சீங்களா?"

"மொத எடத்துல எழுத்தப் போட்டேன் டீச்சர். புள்ளி வைக்கணும்ல? கை நிக்கல. அப்படியே முழுசாப் போயிருச்சு."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பெரிய காரியம்க்கா என்று கையைப் பிடித்தேன். அவர் கையை விடவில்லை. குனிந்துகொண்டு மீதியைச் சொன்னார்.

"பெறகு எல்லாத்துலயும் எழுதிட்டேன். பல்லவரு, பாண்டியரு, நாயக்கரு, எல்லாருக்கும் அந்தப் பேருதான். வேற பேரு வரல. எழுத எழுத நல்லா இருந்துச்சு. பதினேழு வருசமாச்சுல்ல."

கோபம் வந்தது. மாமல்லபுரத்துப் பாறையைக் குடைந்ததும் மதுரையில் மகால் கட்டியதும் ஒரு ஜீப் டிரைவரா என்று கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இத்தனை வருடமும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை இவருக்கு இருந்திருக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. சொல்லப் பிடிக்காமல் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். முட்டாள் மாதிரி அந்தக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன்.

அவுககிட்ட மட்டும் சொல்லிறாதீக என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. வீரபாண்டி தாண்டியதும் அக்கா தூங்கிவிட்டார்.

ஏப்ரலில் மதிப்பெண் பட்டியல் வந்தது. நாற்பது எடுத்தால் பாஸ். அக்கா நாற்பத்திரண்டு. நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பல்லவரும் பாண்டியரும் நாயக்கரும் பூஜ்யம்தான். ஆனால் கடல் தாண்டியவருக்கும் அந்தப் பெயர், களத்தில் முடிசூடியவருக்கும் அந்தப் பெயர், கடைசியாகத் தொலைத்தவருக்கும் அந்தப் பெயர். கேள்வித்தாளில் மூவருமே வந்திருந்தார்கள். மூன்று ராஜாக்களும் சேர்ந்து அக்காவைக் கரையேற்றிவிட்டார்கள். அந்த அரச குடும்பத்தைத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஜூன் மாதம் அக்கா பழையபடி எல்.கே.ஜி.க்குப் போனார்.

அந்த ஜூனிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டிரைவர் அண்ணன் தனியாக மாடியேறி வந்தார். கையில் ஒரு பை பலாச்சுளை. பெண்டாட்டி பாஸான சந்தோஷத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொன்னார். கொடுத்த பிறகும் போகவில்லை. செருப்பைக் கழற்றிப்போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் பேரை எழுதுனாளா டீச்சர்?"

அதைச் சொல்லக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றேன். சொன்ன பிறகுதான் என் லட்சணம் எனக்கே உறைத்தது. அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். திரும்பாமலே வேறு ஒன்று கேட்டார். அந்தப் பரீட்சைப் பேப்பரைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்க முடியுமா என்றார். எதற்கு, நல்ல மார்க்தானே வந்திருக்கிறது என்றேன்.

"மார்க்குக்கு இல்ல. சும்மா ஒரு தடவ பாக்கணும்."

அதெல்லாம் தர மாட்டார்கள் அண்ணே, கட்டி வைத்துப் பிறகு கழித்துவிடுவார்கள் என்றேன். சரி என்றார். இரண்டு படி இறங்கியவர் நின்றார்.

"எத்தன தடவ எழுதிருப்பா?"

பக்கத்துக்கு மூன்று நாலு இருக்கும் என்றேன். எத்தனை பக்கம் என்றார். கூடுதல் தாள் வாங்கியிருக்கிறார், முப்பது பக்கத்துக்குக் குறையாது என்றேன். அவர் உதட்டை அசைத்துப் பெருக்கிப் பார்த்தார்.

"நூறு தாண்டுதே" என்றார்.

கீழே போய் ஜீப்பில் ஏறியவர் அதைக் கிளப்பவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் உரம் இறக்க வந்த லாரிக்காரர் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.